வென்றதற்கு மறுநாள் காலை

"சரி, கோட்டையைப் புடிச்சாச்சு, கொடியை ஏத்தியாச்சு. மறுநாள் காலையில என்ன செஞ்சாஹ?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு டமாஸ்கஸிலிருந்து கொர்தோபா வரைக்கும் அத்தனை அரசர்களையும் விசாரித்த ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். விசாரணை நடந்த இடம் என் பழைய காரின் முன் இருக்கை. பார்சிப்பனியிலிருந்து ஜெர்சி சிட்டிக்குப் போகும் 280-ஆம் நெடுஞ்சாலை. முன்னால் மைல் கணக்கில் சிவப்பு விளக்குகள், கண்ணாடியில் தேய்ந்த வைப்பரின் கீச்சுக்குரல், கதகதக்கும் காபி, இவற்றுக்கு நடுவே கலீபாக்கள் ஒவ்வொருவராக வந்து நின்று பதில் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களும் இல்லை. கீழக்கரைக்காரர். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவை 'லாத்தா' என்பார்கள். எங்களோடு பின் இருக்கையில் வந்த இம்தியாஸ் அப்படிக் கூப்பிட, அதைக் கேட்டு நானும் கூப்பிட்டேன். பின் இருக்கையின் இன்னொரு மூலையில் கோபிசெட்டிபாளையத்துச் சென்னியப்பன். அவர் மட்டும் "லாத்தாங்க" என்று தன் ஊர் மரியாதையைச் சேர்த்துக்கொண்டார். நாங்கள் நால்வரும் ஒரே வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. நால்வருக்கும் சேர்த்து ஒரு கார்.

லாத்தா சரித்திரத்தில் எம்.ஏ. இரண்டாயிரம் பிறக்கப் போகிறது, கம்ப்யூட்டர்கள் எல்லாம் நின்றுவிடும் என்று உலகம் பயந்த நாளில், சென்னையில் ஒரு கோர்ஸ் படித்து டெஸ்டிங் வேலைக்கு வந்தவர். மற்றவர்கள் எழுதிய மென்பொருளை உடைத்துப் பார்க்கிற வேலை. அதற்கென்றே பிறந்தவர் என்று மேனேஜர் சொல்லுவான். ஒரு பெரிய ரிலீஸ் நல்லபடியாக முடிந்து, எல்லோரும் கேக் வெட்டிக் கை தட்டிக்கொண்டிருக்க, லாத்தா மட்டும் தன் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வாங்க லாத்தா, கேக் தீர்ந்துரும்."

"நீங்க தின்னுங்க தம்பி. திங்கக்கிழமை காலையில முதல் ஆளா லாகின் பண்றவன் என்னத்தைப் பாப்பான்னு நான் பாத்துட்டு வர்றேன்."

அவன் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டான், வெற்றுத் திரையைத்தான் பார்த்திருப்பான் என்பது அரை மணியில் தெரிந்தது. கேக் பாதியில் நின்றது. அன்றைக்கு அத்தனை பேரும் அவரை முறைத்தோம். திங்கட்கிழமை அத்தனை பேரும் அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தோம்.

அரசர்களிடமும் அதே கண்டிப்பு. படையெடுப்பைச் சொல்லும்போது அவர் குரலில் வேகம் இருக்காது. குதிரை, வாள், தூசி, எல்லாவற்றையும் இரண்டு எக்ஸிட்டுகளுக்குள் முடித்துவிடுவார். ஊர் விழுந்த பிறகுதான் நிமிர்ந்து உட்காருவார். கிணற்றை யார் கையில் கொடுத்தார்கள்? பழைய கணக்குப்பிள்ளைகளை வேலையில் வைத்துக்கொண்டார்களா, துரத்தினார்களா? தோற்றவனின் பெண்டாட்டி பிள்ளைகள் எந்தத் தெரு வழியாக வெளியேறினார்கள்? நல்ல பதில் கிடைத்தால் அந்த அரசர் "வந்தாஹ, செஞ்சாஹ" என்று மரியாதையோடு நடப்பார். கெட்ட பதில் என்றால் அடுத்த வாக்கியத்திலேயே "வந்தான், செஞ்சான்" என்று இறங்கிவிடுவார். காரில் சிம்மாசனம் இழந்தவர்கள் பலர்.

அவருக்கு மிகவும் பிடித்த காலை ஜெருசலேமில் விடிந்தது. கலீபா உமர், ஊரின் சாவியை வாங்கிக்கொள்ள ஒட்டுப்போட்ட சட்டையோடு வந்து சேர்கிறார். ஒரே ஒட்டகம், அதில் அவரும் வேலையாளும் முறை வைத்து ஏறி இறங்கி வந்திருக்கிறார்கள். தொழுகை நேரம். தலைமைப் பாதிரியார், எங்கள் தேவாலயத்துக்குள்ளேயே தொழுதுகொள்ளுங்கள் என்கிறார்.

"தொழலை தம்பி. வெளியில வந்து தொழுதாஹ. ஏன்னா, இன்னைக்கு நான் உள்ள தொழுதா, நாளைக்கு என் ஆளுங்க வந்து, எங்க உமர் தொழுத இடம்னு சொல்லி இதைப் புடுங்கிக்கிருவாங்க. அந்த யோசனை, ஜெயிச்ச அன்னைக்கே வந்துச்சு பாருங்க, அதான் ஆளு." பிறகு ஒரு பெருமூச்சு. "அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க. எழுதினவங்க ரொம்பப் பின்னாடி வந்தவங்க. இருந்தாலும் இப்படி ஒரு கதையை எழுதணும்னு தோணிருக்கே, அதுவே போதும்."

சென்னியப்பன் மெதுவாகக் கேட்டார். "ஏனுங்க லாத்தா, அந்த வேலைக்காரரு, ஊருக்குள்ள நுழையறப்ப அவரு முறையாமா? அவருதான் ஒட்டகத்து மேல இருந்தாருங்களா?"

"அப்படித்தான் சொல்றாஹ."

"அட! அப்ப ஜனங்க அவரையில்ல ராசான்னு கும்பிட்டிருப்பாங்க!"

லாத்தா சிரிக்க ஆரம்பித்தால் டாஷ்போர்டைத் தட்டுவார். அன்றைக்குத் தட்டிய தட்டில் என் கார்க் கடிகாரம் நின்றே போனது. பிறகு நான் அதைச் சரிசெய்யவில்லை.

வெஸ்ட் ஆரஞ்சுப் பக்கம் மலையைப் பிளந்து சாலை இறங்கும் இடத்தில், சட்டென்று மன்ஹாட்டன் முழுவதும் தெரியும். இரட்டைக் கோபுரங்கள் இல்லாமற்போன வானம் அது. அந்த இறக்கம் வரும்போது கதை எங்கே இருந்தாலும் லாத்தா நிறுத்திவிடுவார். எதுவும் சொல்ல மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். சாலை வளைந்து அந்தக் காட்சி மறைந்த பிறகு, விட்ட வார்த்தையிலிருந்து தொடருவார்.

தன் ஆட்கள் என்று யாரையும் அவர் விட்டுவைத்ததில்லை. டமாஸ்கஸை ஆண்ட உமையா வம்சத்தை அப்பாசியர்கள் வென்ற கதை. வென்றவர்கள், தோற்ற குடும்பத்தை விருந்துக்கு அழைக்கிறார்கள், சமாதானம் என்று. சோறு ஆறுவதற்குள் அத்தனை பேரையும் வெட்டிப் போட்டுவிட்டு, மேலே விரிப்பை விரித்து அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று சொல்வார்கள். இம்தியாஸ் நெளிந்தான்.

"லாத்தா, இதெல்லாம் எதுக்கு? ஏற்கனவே காலம் சரியில்ல. நம்ம கதையை நாமளே இப்படிச் சொல்லலாமா?"

"நம்ம கதைன்னா அந்த விரிப்பும் நம்மதுதான்டா. ஒட்டகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு விரிப்பை ரோட்டுல போட்டுட்டுப் போறவன், மறுபடியும் ஒருநாள் அதே விரிப்பை விரிப்பான்."

அந்த விருந்துக் கொலையிலிருந்து தப்பிய ஓர் இளவரசன் உண்டு. அப்துர் ரஹ்மான். இருபது வயது. சின்னத் தம்பியோடு ஓடுகிறான். அப்பாசியரின் கருப்புக் கொடிக் குதிரைக்காரர்கள் துரத்த, இருவரும் யூப்ரடீஸ் நதியில் குதிக்கிறார்கள். நடு ஆறு. கரையிலிருந்து குதிரைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், திரும்பி வாருங்கள், ஒன்றும் செய்யமாட்டோம் என்று.

அந்த இடத்தில் என் கார் ஜெர்சி சிட்டி பார்க்கிங் கராஜுக்குள் நுழைந்தது. லாத்தா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சென்னியப்பன் இறங்கவில்லை.

"திரும்புனாங்களா இல்லீங்களா? அதைச் சொல்லுங்க்கா, அப்பத்தான் இறங்குவேன்!"

"மீட்டிங் இருக்கு தம்பி."

மாலையில் கேட்டோம், சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. "நெட்ல பாத்துக்கறனுங்க" என்று சென்னியப்பன் மிரட்டினார். "பாருங்க. பாத்தா நாளையிலேர்ந்து பஸ்ல வாங்க" என்றார் லாத்தா. ஏன் நிறுத்தினார் என்பது அந்த வாரக் கடைசியில்தான் எனக்கு விளங்கியது. அவரே அப்போது நடு ஆற்றில் இருந்தார்.

பார்சிப்பனிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே மூடிக்கிடந்த ஒரு பூச்செடி நர்சரியை, தொழுகைக்கும் பிள்ளைகளின் சனிக்கிழமை வகுப்புக்கும் வாங்க லாத்தாவின் ஆட்கள் பேசி முடித்திருந்தார்கள். அதுவரை தொழுகை அபார்ட்மென்ட் பொது அறையில் நடந்தது. இனி முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. லாத்தாவோ மதியத் தொழுகையை எங்கள் கராஜின் மாடிப்படித் திருப்பத்தில், தீயணைப்புக் குழாய்க்குப் பக்கத்தில் தொழுவார். யாராவது கதவைத் திறந்தால் "சாரி" என்று ஒதுங்குவார். தொழுகையில் நிற்பவர் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன், கையில் டிபன் டப்பாவோடு, எங்கே போவதென்று தெரியாமல்.

"பெருசா ஒண்ணும் வேணாம் தம்பி," என்று ஒருமுறை சொன்னார். "தட்டாம நுழையுற ஒரு கதவு. அது போதும்."

அந்தக் கதவுக்கு ஊரின் போர்டு அனுமதி தர வேண்டும். போர்டிலும் அக்கம்பக்கத்திலும் யாரும் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியதெல்லாம் பார்க்கிங். அத்தனை கார்கள் எங்கே நிற்கும்? தெரு தாங்குமா? எதிர்ப்புக்குத் தலைமை நர்சரியை ஒட்டிய வீட்டுக்காரர் வால்டர். எழுபது வயது, நொண்டும் முழங்கால், ஒரு பெரிய பிக்கப் டிரக்.

முதல் விசாரணைக்கு ஆதரவு காட்ட எல்லோரும் வர வேண்டும் என்று லாத்தா சொல்லி அனுப்பினார். வந்தார்கள். அதுதான் வினை. நம் ஆட்கள் எப்படி வருவார்கள்? கணவன் ஆபீசிலிருந்து நேராக ஒரு காரில், மனைவி பிள்ளைகளோடு இன்னொரு காரில், மாமனார் மச்சினனோடு மூன்றாவதில். நானும் தனியாக வந்தேன். சென்னியப்பனும் அவர் மனைவி செல்வியும் வேறு வேறாக வந்தார்கள். நகராட்சிக் கட்டடத்தின் பார்க்கிங் லாட் நிரம்பி, புல்தரை நிரம்பி, தெரு நிரம்பி, நூலக வாசல்வரை கார்கள்.

வால்டர் தாமதமாக வந்தார், மழையில் சொட்டச் சொட்ட நனைந்து, நொண்டிக்கொண்டு. மைக்கைப் பிடித்தார்.

"பார்க்கிங் பற்றிப் பேசத்தான் வந்தேன். இவ்வளவு நேரமும் பார்க்கிங் தேடிக்கொண்டிருந்தேன். வேறு சொல்ல ஒன்றும் இல்லை."

உட்கார்ந்துவிட்டார். அரங்கம் சிரித்தது. போர்டின் தலைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடக்க முடியாமல் நானும்தான். தீர்ப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனது. அதற்குள் இடத்தை நேரில் வந்து பார்ப்பார்களாம். கார்கள் எப்படி நிற்கும் என்று காட்டினால் நல்லது என்றார்கள்.

மறுநாள் காலை காரில் சாவு வீட்டு அமைதி. இம்தியாஸ் தலையைக் கண்ணாடியில் சாய்த்துக் கிடந்தான். "முடிஞ்சு போச்சு லாத்தா. நம்ம காரே நமக்கு எதிரா சாட்சி சொல்லிருச்சு."

லாத்தா மெல்ல டாஷ்போர்டைத் தட்ட ஆரம்பித்தார். தட்டத் தட்டச் சிரிப்பு பெருகியது. கண்ணீர் வந்துவிட்டது. "அந்த மனுசன் என்னா அழகா பேசினாரு! ரெண்டே வரி! நான் போர்டுல இருந்திருந்தா நானே நமக்கு எதிரா ஓட்டு போட்டிருப்பேன்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்சூர் என்ன செஞ்சாஹ தெரியுமா?" என்றார்.

பாக்தாத் நகரத்தைக் கட்டிய கலீபா மன்சூர். வட்டமான நகரம். வரைபடத்தைப் பார்த்து அவருக்குத் திருப்தி வரவில்லை. நிலத்தில் வரையுங்கள் என்றார். வெட்டவெளியில் சாம்பலால் கோடு இழுத்தார்கள். வாசல்கள், தெருக்கள், மதில். அவர் அந்தக் கோடுகளுக்குள் நடந்து, வாசல் வழியாக நுழைந்து பார்த்தார். பிறகு கோடுகள்மேல் பருத்திக்கொட்டையைப் பரப்பி எண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார். இல்லாத நகரம் ஒரே மூச்சில் எரிந்து தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் முதல் கல்.

"நமக்குப் பாக்தாத் வேணாம். ஒரு பார்க்கிங் லாட் போதும்," என்றார் லாத்தா.

"நெருப்பு வைக்கணுமா?" என்றான் இம்தியாஸ்.

"நம்ம பேரை வச்சுக்கிட்டு, நியூ ஜெர்சியில, இந்த நேரத்துல, நெருப்பு? நீ வையி வாப்பா. நான் இப்பவே கீழக்கரைக்கு டிக்கெட் போடுறேன்."

கார் குலுங்கியது. பல மாதங்களுக்குப் பின் நால்வரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

எரிவாயு அடுப்புகளின் தேசத்தில் சாம்பலுக்கு எங்கே போவது? செல்விதான் சொன்னார், "அரிசிமாவுல போட்டரலாமுங்க்கா. கோலம் தானுங்களே." எடிசன் ஊரின் இந்தியக் கடையில் மூட்டை மூட்டையாக வாங்கினோம். கடைக்காரர் முறுக்குக் கடை வைக்கப் போகிறோம் என்று நினைத்து வாழ்த்தினார்.

வெள்ளிக்கிழமை மாலை, நர்சரியின் வெடித்த தார்த் தரையில் கூடினோம். ஒரு கார் நிற்க ஒன்பதடி அகலம், பதினெட்டடி நீளம். லாத்தாவின் கணவர், அவர் 'மச்சான்' என்று கூப்பிடும் சாந்தமான மனிதர், அளவு நாடாவோடு ஒவ்வொரு கோட்டுக்கும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார். இருட்டுவதற்குள் முடியாது என்று தெரிந்துவிட்டது. லாத்தா கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். பிறகு, "செல்வி, கார்ல உன் புடவை ஏதாவது கெடக்கா?" என்றார்.

கிடந்தது. சலவைக்குப் போக வேண்டிய ஒரு பாலியஸ்டர் புடவை. ஆறு கஜம், அதாவது பதினெட்டடி. தரையில் நீட்டினார்கள். மச்சான் நாடாவை வைத்துப் பார்த்துவிட்டு நாடாவையே சுருட்டிப் பையில் போட்டார். ஒரு புடவை நீளம். இரண்டாக மடித்தால் அகலம். அமெரிக்காவின் கார்களையும் நம் பெண்களின் புடவைகளையும் ஒரே அளவில் யார் வெட்டி வைத்தது! செல்வி ஒரு முனை, லாத்தா மறு முனை. விரித்து, மடித்து, விரித்து, மடித்து, பின்னாலேயே மாவு. புதுக் கோடுகள் தார்மேல் பால் வழிந்ததுபோல் ஓடின.

லாத்தாவின் மகள் ரஹ்மா, பன்னிரண்டு வயது, ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். "மாம், இட்ஸ் ஜஸ்ட் எ பார்க்கிங் லாட்."

"பாக்தாதும் இப்படித்தான் ஆரம்பிச்சது. புடி அந்த முனையை."

சனிக்கிழமை காலை போர்டு வரும் முன்பே வேறு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். குளத்துப் பக்கத்திலிருந்து பெரிய சாம்பல் வாத்துகள், ஒரு கூட்டம். கோட்டின்மேல் பொறுமையாக நடந்து, கொத்தி, ஒரு வரிசையையே அழித்துவிட்டன. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டாத குறையாகத் துரத்தினார். "ஏய், போங்க அக்கட்டால! அது காருக்குங்க!" செல்வி பின்னாலேயே புடவையோடு ஓடித் திரும்ப வரைந்தார். முடிந்ததும் மூலையில் ஒரு சின்னத் தாமரையையும் போட்டுவிட்டார், கை சும்மா இருக்காமல்.

இம்முறை லாத்தாவின் உத்தரவு வேறு. ஒரு காருக்கு நாலு பேர். தனியாக வருபவனுக்கு வாசலிலிருந்தே திரும்பும் பாக்கியம். மூடுபனி. போர்டுக்காரர்கள் வேலியோரம் நின்றார்கள், வால்டரும். கார்கள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து, தன் தன் கோட்டுக்குள், ஹார்ன் இல்லாமல், அவசரம் இல்லாமல் போய் அமர்ந்தன. கடைசிக் கார் நின்றபோதும் நடுவில் ஒரு தீயணைப்பு வண்டி போகும் அகலம் மிச்சம்.

லாத்தா கையை உயர்த்தினார். அத்தனை ஹெட்லைட்டுகளும் ஒரே நேரத்தில் எரிந்தன.

அதை எப்படிச் சொல்வேன். பனிக்குள் வெள்ளை வெள்ளையாய் வரிசைகள், வாசல், வழி, மூலைத் தாமரை, எல்லாம் வெளிச்சத்தில் மிதந்து எழுந்தன. இல்லாத ஒன்று இருந்தது. பருத்திக்கொட்டையும் இல்லை, எண்ணெயும் இல்லை, ஆனால் மன்சூரின் நகரம் நியூ ஜெர்சியில் ஒரு நர்சரிக் கொல்லையில் எரிந்தது. போர்டின் தலைவி "ஓ" என்றார். என் உடம்பு சிலிர்த்தது. இப்போது எழுதும்போதும்.

வால்டர் தன் டிரக்கைக் கொண்டுவந்தார். கதவுக்கு அருகில் ஓர் அகலமான இடத்தை லாத்தா காலியாக விட்டிருந்தார். அதில் நிறுத்தி, கதவை அகலத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சுற்றி நடந்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"சரி. கார்கள் நிற்கின்றன. பனிப்புயல் அடித்த மறுநாள் காலை, பனியை எங்கே தள்ளுவீர்கள்?"

இம்தியாஸ் முகம் வெளிறியது. மச்சான் தரையைப் பார்த்தார். நான் லாத்தாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு சந்தோஷம் ஏறிக்கொண்டிருந்தது. இத்தனை வருடங்களில் மறுநாள் காலையைப் பற்றிக் கேட்ட இன்னொரு மனிதர்! அவர் மாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேராக வால்டரிடம் போனார்.

"அதை நான் யோசிக்கவில்லை. நீங்கள் இங்கே நாற்பது குளிர்காலம் பார்த்தவர். நீங்களே வரைந்து கொடுங்கள்."

கிழவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மாவை விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு வடக்கு மூலைக்கு நொண்டிப் போய், குனிய முடியாமல் நின்றபடியே ஒரு பெரிய கோணல் வட்டம் போட்டார். இரண்டு கார்களின் இடம் போயிற்று. "இங்கே," என்றார். "காற்று தெருவுக்கு அள்ளிக்கொண்டு போகாது. உருகினால் சாக்கடைக்குப் போகும்." எதிர்க்க வந்தவர் எங்கள் வரைபடத்துக்குள் நின்றுகொண்டிருந்தார், சட்டையெல்லாம் அரிசிமாவு.

அடுத்த செவ்வாய் மாலை ஓட்டெடுப்பு. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. நாற்காலிகள் சரிய எழுந்து கை தட்டினோம். செல்வி லாத்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இம்தியாஸ் குழந்தைபோல் அழுதான். கார்களை எடுக்கப் போனபோது ஒருவன் வெற்றி ஹார்ன் அடிக்கக் கையை ஓங்கினான். வாசலில் நின்ற லாத்தா விரலை உதட்டில் வைத்தார். "நம்ம சந்தோஷம் அடுத்த வீட்டுக் கண்ணாடியைத் தட்ட வேணாம். வீட்டுக்குப் போய் சத்தம் போடுங்க." ஒரு ஊர்வலம் முழுக்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பூனைபோல், ஊரைவிட்டு வெளியேறியது.

புதன்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில் நர்சரிப் பக்கம் விடச் சொன்னார். சாவியைக் கையில் வைத்திருந்தார். நேராகக் கதவைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தோம். அவரோ புல்தரையைத் தாண்டி வால்டர் வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். கிழவர் இரவு உடையில் வந்து நின்றார். காரின் கண்ணாடியை இறக்கினோம், காதை வெளியே நீட்டாத குறை.

"நேற்று நாங்கள் வென்றோம்," என்றார் லாத்தா, தன் நிதானமான ஆங்கிலத்தில். "இன்று காலை உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்தேன்."

வால்டர் பக்கவாட்டு ஜன்னலைக் காட்டினார். அவர் மனைவி நோயாளி, படுக்கை அந்தப் பக்கம். சனிக்கிழமை நீங்கள் எல்லா விளக்கையும் போட்டீர்களே, அவள் கண்ணில் அடித்தது, பயந்துவிட்டாள் என்றார். புகாராகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார்.

லாத்தாவின் தோள்கள் ஒரு நிமிடம் தாழ்ந்தன. எங்களுக்கு நகரமாக எரிந்தது ஒரு ஜன்னலுக்குள் அப்படி விழுந்திருக்கிறது. "அந்த வரிசையைத் திருப்பிவிடுகிறோம். வேலியில் உயரமாக மரம் வைக்கிறோம். எந்த மரம் என்று உங்கள் மனைவியையே சொல்லச் சொல்லுங்கள்," என்றார். கிழவர் தலையசைத்தார். கதவைச் சாத்தாமல் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் லாத்தா நர்சரிக்குத் திரும்பி வந்தார். சாவியைப் போட்டார். தட்டவில்லை. கதவு உள்ளே போனது, அவரும் உள்ளே போனார். நாங்கள் காரில் இருந்தோம். செடித் தொட்டிகளின் பழைய மண்வாசனை காற்றில் வந்தது. வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் காரில்தான் கடிகாரம் ஓடாதே. யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்து முன் இருக்கையில் அமர்ந்தபோது நெற்றியில், தொழுகையில் தரையைத் தொட்ட இடத்தில், கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றைக்கு அவர் டெக்ஸாஸ் ரவுண்ட் ராக் பக்கம் எங்கோ இருக்கிறார். இரண்டாயிரத்து ஒன்பதில் மச்சானுக்கு அங்கே வேலை கிடைத்துப் போனவர். அதற்குப் பின் பேச்சு குறைந்துவிட்டது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு வருவது நெற்றியில் அந்த மண்ணோடு இருக்கும் முகம்தான்.

280-இல் ஏறினோம். சென்னியப்பன் தொண்டையைச் செருமினார்.

"லாத்தாங்க. இன்னைக்காவது சொல்லுங்க. ஆத்துக்குள்ள நிக்கறாங்க ரெண்டு பேரும். கரையில இருந்து கூப்புடறாங்க. திரும்புனாங்களா?"

லாத்தா சாலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தம்பிக்காரன் நம்பித் திரும்பிட்டான். சின்னப் பிள்ளை. களைச்சுப் போயிருந்தான். கரை ஏறின உடனே வெட்டிட்டானுவோ. நடு ஆத்துல நின்னு அண்ணன் பாத்தாஹ."

டயர் சத்தம் மட்டும்.

"அண்ணன் திரும்பலை. நீந்தி அந்தக் கரை ஏறிட்டாஹ."

மலைப்பிளவு வந்தது. மன்ஹாட்டன் முழுவதும் காலை வெயிலில் விரிந்தது. வழக்கமாகக் கதை நிற்கும் இடம். சென்னியப்பன் பின்னாலிருந்து எட்டி, இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டினார்.

"சரிங்க, கரை ஏறியாச்சு. மறுநாள் காலையில என்ன பண்ணுனாரு?"

லாத்தா டாஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டினார். அந்த வானத்துக்கு எதிரில் முதல்முறையாக, நிறுத்தாமல், சொன்னார்:

"நடக்க ஆரம்பிச்சாஹ தம்பி. அஞ்சு வருஷம் நடந்தாஹ. பாலைவனம், மலை, கடல் எல்லாம் தாண்டி, ஸ்பெயின் வரைக்கும். போய்ச் சேந்து ஒரு ராஜ்ஜியமே கட்டினாஹ. அதைக் கேளுங்க, இப்பத்தான் கதையே ஆரம்பிக்குது."